மஸ்கட்டிலிருந்து வந்த உடம்பு

மஸ்கட்லருந்து அந்தப் பெட்டி வந்த அன்னிக்குக் காலைலருந்தே எனக்கு ஒரே தும்மலுங்க. துபாய் அல் குசைஸ்ல ஜூன் மாசம்னா அப்படித்தான். வெளிய தூசிக் காத்து, உள்ள ஏசிக் காத்து, ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுச் சீரழியறது மூக்கு. சாகிர் பாய் கார்கோவுல பேப்பரெல்லாம் முடிச்சு, பெட்டியத் தானே வண்டியில எடுத்துட்டு வந்து என்ற மேசை மேல வச்சார். செருப்பு டப்பா அளவுதான் இருக்கும்.

"ரிஜிஸ்டர்ல பதிஞ்சிரு தங்கச்சி. நம்ம பெரியவர் ஆர்டருக்கு உடம்பு கிடைச்சிருச்சு" அப்படீன்னார்.

என்ற பேரு ஜோதிமணி, ஊரு கோயமுத்தூர் கணபதி. வீட்டுக்காரர் சுரேஷ்குமார் அந்தப் பட்டறையில பதினோரு வருசமா டர்னர். துப்பாக்கி ரிப்பேர் பட்டறைங்க. பயந்துக்காதீங்க, லைசென்ஸ் உள்ளதுதான். அரபிக்காரங்க அவங்க தாத்தா காலத்துத் துப்பாக்கியக் கொண்டாந்து துரு எடுத்து, ஸ்பிரிங் மாத்தி, இரும்புக்குக் கருப்பு நிறம் ஏத்தி வாங்கிட்டுப் போவாங்க. கடைசி நாலு வருசம் நானும் அங்கதான் இருந்தேன். ரிஜிஸ்டர் எழுதறது, ஃபோன் எடுக்கறது, டீ போடறது, எல்லாம் நான்தான். சாகிர் பாய் கீழக்கரைக்காரர், பட்டறை முழுக்க அவர் பொறுப்பு. தங்கமான மனுசன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஆர்டர் குடுத்தவர் ஃபுஜைரா பக்கம் ஒரு வயசான அரபி. அவங்கப்பா விட்டுட்டுப் போன டப்பாவுல பதினோரு தோட்டா இருந்துச்சாம். அந்த அளவுத் தோட்டாவ இப்ப எவனும் செய்யறதில்லை, அதைச் சுடற ரிவால்வரும் எங்கயும் கிடைக்கறதில்லை. "கண்ணு மூடறதுக்குள்ள இது வெடிக்கற சத்தத்த நான் கேக்கணும், இதுக்குன்னே ஒண்ணு செஞ்சு குடு"ன்னு வந்து உக்காந்துட்டார். புதுசா முழுத் துப்பாக்கி செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை. அதனால பழசு மூணைப் பிரிச்சு, ஒண்ணோட குழல், இன்னொண்ணோட உருளை, மூணாவதோட உடம்புன்னு எடுத்துச் சேக்கணும். பிரிக்கற துப்பாக்கிக்கு எங்க பட்டறையில 'டோனர்'னு பேரு, கண்ணு குடுக்கறவங்கள, கிட்னி குடுக்கறவங்களச் சொல்ற மாதிரி. குழலும் உருளையும் ஸ்டோர்லயே இருந்துச்சு. உடம்புதான் மூணு மாசம் தேடி மஸ்கட்ல கிடைச்சுது.

என்ற வீட்டுக்காரருக்கு அதுதான் கடைசி வேலை. முடிச்சுக் குடுத்துட்டா விசா கேன்சல் பண்ணி ரெண்டு பேரையும் ஊருக்கு அனுப்பிடறேன்னு சாகிர் பாய் வாக்குக் குடுத்திருந்தார். கணபதியில எங்கப்பாவோட லேத் பட்டறை பூட்டிக் கிடக்குது, அதை எடுத்து நடத்தறதுன்னு முடிவு பண்ணியிருந்தோம். கல்யாணமாகி பன்னெண்டு வருசத்துல நாங்க சேந்து இருந்தது அஞ்சு வருசம்கூட இருக்காது. இந்த மனுசன முழுசா ஊரு கொண்டுபோய்ச் சேத்துரணும். எனக்கு வேற எந்த ஆசையும் இல்லைங்க.

பெட்டியத் தொறந்தோம். உள்ள எண்ணெய்க் காயிதத்துல சுத்தின இரும்பு. வாசந்தான் முதல்ல வந்துச்சு. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த ரூமைத் தொறந்தா வருமே, அந்த வாசம். அதோட பழைய எண்ணெய், கொஞ்சம் கருகின வெடிமருந்து.

அவரு கைப்பிடிக் கட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்தார். ஒரு பக்கம் மட்டும் வழுவழுன்னு தேஞ்சு கிடந்துச்சு.

"இதைப் புடிச்சிருந்தவன் பீச்சாங்கைக்காரன் ஜோதி. நம்ம தொழில்காரனாத்தான் இருப்பான். அரம் போட்டிருக்கறதப் பாரு, என்னா சுத்தம்" அப்படீன்னு சொல்லிட்டே விரலால தடவினார்.

விரல்ல பிசிறு கிழிச்சிருச்சு.

நல்ல ஆழம். சொட்டுச் சொட்டா மேசையில விழுந்துச்சு. அவரு கை துடைக்கற பனியன் வேஸ்ட் துணிய எடுத்துச் சுத்தப் போனார். இனிமே சொல்றத நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. அவரு கையத் தட்டி விட்டு, அந்த விரலப் புடிச்சு, அந்த இரும்பு மேல மூணு தடவை வச்சு அழுத்தினது நான்தான்.

எங்கப்பா பட்டறையில அதுதான் வழக்கம். மிஷின் யாரு கையையாச்சும் கடிச்சிருச்சுன்னா, அந்த ரத்தத்த மிஷினுக்கே மூணு பொட்டு வச்சு, "காவு குடுத்தாச்சு, இனிக் கேக்காதே"ன்னு சொல்லிருவாங்க. அதுக்கப்புறம் அந்த மிஷின் அந்த ஆள ஒண்ணும் பண்ணாது, அவன் கைக்கு அடங்கிப் போயிரும்னு பேச்சு. புது மிஷினுக்குத்தான் அப்படிச் செய்வாங்க. இது புதுசு இல்லைங்கறது எனக்கு அப்ப மண்டையில உறைக்கலை.

"காவு குடுத்தாச்சு. இனிக் கேக்காதே" அப்படீன்னேன்.

"உங்கப்பன் புத்தி அப்படியே உனக்கு" அப்படீன்னு அவரு சிரிச்சார்.

அந்தச் சிரிப்பு இன்னும் என்ற காதுல இருக்குது.

எங்க பட்டறையில வெள்ளிக்கிழமைன்னா ஒரு நடைமுறை உண்டு. ஜும்மாவுக்கு சாகிர் பாயும் மத்தவங்களும் பள்ளிவாசலுக்குப் போயிருவாங்க. லைசென்ஸ்ல பேரு இருக்கற ஆள் இல்லாதப்ப ஷட்டர் தொறந்திருக்கக் கூடாது. அதனால சாகிர் பாய் வெளிய பூட்டிட்டுத்தான் போவார். உள்ள நாங்க ரெண்டு பேரு மட்டும் இருப்போம். தப்புதான், தீ கீ புடிச்சா என்ன ஆகறதுன்னு நானே சண்டை போட்டிருக்கேன். ஆனா ஒரு மணி நேரந்தானேன்னு பழகிப்போச்சு. சோத்த மைக்ரோவேவ்ல சூடு பண்ணித் தின்னுட்டு, ரெண்டு அட்டையை விரிச்சுச் சித்த நேரம் சாஞ்சிருப்போம். அந்த நேரம் தெருவே செத்துக் கிடக்கும். லாரி ஓடாது, கிரைண்டர் ஓடாது. வெயில் மட்டும் தகரத்து மேல நின்னு காய்ஞ்சுக்கிட்டு இருக்கும்.

பெட்டி வந்த மறு வெள்ளிக்கிழமை. அவரு குறட்டை விட்டுட்டு இருந்தார். எனக்குத் தூக்கம் வரலை.

அந்த உடம்ப வச்சுப் பூட்டியிருந்த இரும்பு லாக்கருக்குள்ள டிக்குன்னு ஒரு சத்தம்.

எலியா இருக்கும்னு நினைச்சேன். மறுபடியும் டிக். அப்புறம் வரிசையா, நிதானமா, ஆறு தடவை. ரிவால்வரோட உருளையச் சுத்தினா வர்ற சத்தம் எனக்குத் தெரியாதா, நாலு வருசம் கேட்டவ நான். ஆனா அன்னிக்கு அந்த உடம்புல உருளையே மாட்டலைங்க. உருளை அந்தப் பக்கம் மேசையில, என்ற கண்ணு முன்னாடி, இரும்பக் கவ்விப் புடிக்கற வைஸ் பக்கத்துல கிடந்துச்சு.

லாக்கர் சாவி சாகிர் பாய் இடுப்புல. அவரு பள்ளிவாசல்ல.

"ஏனுங்க" அப்படீன்னு இவர எழுப்பினேன். எந்திரிச்சு உக்காந்தார். லாக்கரப் பாத்தார். என்னைப் பாக்கலை.

"வேலைய ஆரம்பிக்கச் சொல்றான்" அப்படீன்னார்.

"யாருங்க?"

அவரு முழிச்சுப் பாத்தார். "என்ன யாரு? கனவு கண்டியா?" அப்படீன்னுட்டு மறுபடியும் சாஞ்சுட்டார். அவரு சொன்னது அவருக்கே ஞாபகம் இல்லை.

அடுத்த வாரம் வேலை மளமளன்னு நடந்துச்சு. ரெண்டு மாசம் புடிக்கும்னு சாகிர் பாய் கணக்குப் போட்டிருந்தார், பத்தே நாள்ல முக்காவாசி முடிஞ்சிருச்சு. மூணு துப்பாக்கியோட பாகம் ஒண்ணோட ஒண்ணு ஒரே தாயி பெத்தது மாதிரி உக்காந்துச்சு. சாகிர் பாய்க்குத் தலைகால் புரியலை. "தம்பி கையில என்னமோ இறங்கியிருக்கு" அப்படீன்னார். அவரு சும்மா சொன்னார், நான் அந்தக் கையத்தான் பாத்துட்டு இருந்தேன்.

ஏன்னா, என்ற வீட்டுக்காரர் அரத்த இடது கையில புடிச்சிருந்தார்.

பதினோரு வருசமா வலது கையில லேத் புடிச்ச மனுசன். இடது கையில ஒரு ஸ்க்ரூ திருப்பச் சொன்னாலும் திணறுவார். இப்ப அந்தக் கைதான் சரசரன்னு போகுது. "என்னங்க புதுசா"ன்னு கேட்டேன். "கை தானாப் போகுது ஜோதி, நான் புடிச்சு நிறுத்தினாலும் நிக்க மாட்டேங்குது" அப்படீன்னு சொல்லிட்டு, அந்தக் கையத் தூக்கி வெறிச்சுப் பாத்துட்டே நின்னார்.

நான் வச்ச மூணு பொட்டும் போகவே இல்லை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சேன், உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். கருப்பு ஏத்தினதுக்கு அப்புறமும் உள்ளருந்து பழுப்பா தெரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

அந்த வார வெள்ளிக்கிழமை சோத்துப் போசிய எடுத்து வச்சேன். புளிக்குழம்பு, அப்பளம். வெளிய ஷட்டர் பூட்டற சத்தம் கேட்டுச்சு, செருப்புச் சத்தம் தேஞ்சு போச்சு. தட்டுல சோத்தப் போட்டுக் குழம்ப ஊத்திக் குடுத்தேன்.

அவரு இடது கையில பிசைஞ்சார்.

உருட்டி, வாயில வச்சார். மென்னார். வலது கை மடியில செத்த மாதிரி கிடந்துச்சு.

நான் தட்டப் புடுங்கி வச்சேன். எனக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாதுங்க. "சோத்துல பீச்சாங்கைய வைக்கறீங்களே, புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு" அப்படீன்னு கத்தினேன். அவரு நிமிந்து பாத்தார். அந்தப் பார்வையில கோவம் இல்லை, வெக்கமும் இல்லை. அடுத்தவங்க வீட்டுக்கு விருந்தாடி வந்தவன், ஏதோ தப்புப் பண்ணிட்டமோன்னு பாக்கற பார்வை.

"மன்னிக்கணும்" அப்படீன்னார்.

என்ற புருசன் பன்னெண்டு வருசத்துல என்கிட்ட அந்த வார்த்தைய ஒரு தடவை சொன்னதில்லை.

தொழுகை முடிஞ்சு சாகிர் பாய் ஷட்டரத் தூக்கினதும் நேரா அவருகிட்ட போயி நின்னேன். "அந்த உடம்பு யாரோடதுன்னு எனக்குத் தெரியணும் பாய். மறைக்காம சொல்லுங்க." அவரு மழுப்பினார். பேப்பர் சரியா இருக்குன்னார். நான் விடலை. கடைசில என்னைய வெளிய கூட்டிட்டுப் போயி, வெயில்ல நிக்க வச்சுச் சொன்னார்.

"மஸ்கட்டுல ஒரு பட்டறைக்காரன். துப்பாக்கி ரிப்பேர் பாக்குற ஆளு, எந்த ஊருக்காரன்னு வித்தவங்களுக்கே தெரியலை. குடும்பம்னு யாரும் கிடையாது. இருபது வருசம் அந்தப் பட்டறையிலயே கிடந்திருக்கான். ஊருக்குப் போகணும் போகணும்னு சொல்லிக்கிட்டே இருப்பானாம், யாரும் அனுப்பலை. ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரும் தொழுகைக்குப் போன நேரம், உள்ள பூட்டிக்கிட்டு..." அவரு நெத்தியத் துடைச்சார். "அதுக்கு மேல கேக்காதம்மா."

"அவன் எந்தக் கைக்காரன்?"

சாகிர் பாய் என்னைப் பாத்தார். "நீ எப்படிக் கேக்குறே அதை? இடது கைப்பழக்கம்னுதான் சொன்னாக."

நான் வச்ச பொட்டப் பத்தி அப்பவும் வாயத் தொறக்கலை. எப்படிச் சொல்லுவேன். ஊருக்கு அனுப்ப ஆளில்லாம கிடந்தவனுக்கு, ஊருக்குப் போகப் போற ஒருத்தனோட ரத்தத்தக் காட்டி, எடுத்துக்கோன்னு குடுத்தவ நான்.

சாகிர் பாய் நல்ல மனுசன்னு சொன்னேனே. இவரு இடது கைக்கு மாறினத மட்டும் சொன்னதும், அன்னிக்கே அந்தத் துப்பாக்கியப் பிரிச்சு உடம்ப மஸ்கட்டுக்கே திருப்பி அனுப்பறதுன்னு சொல்லிட்டார். பெரியவர்கிட்ட நான் பேசிக்கறேன்னார். நான் அழுதே போயிட்டேன். உள்ள வந்து பாத்தா, இவரு அதைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். முழுசா முடிஞ்சிருந்துச்சு. கடைசி ஸ்க்ரூ வரைக்கும்.

"பிரிக்க வேண்டாம். ஒரு தடவை சுட்டுப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு ஊருக்குப் போகலாம்" அப்படீன்னார். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா, ரேடியோவுல நியூஸ் வாசிக்கற மாதிரி வந்துச்சு. சாகிர் பாய் கைய நீட்டினார். இவரு குடுக்கலை. அந்தப் பிடிய விடுவிக்க ரெண்டு ஆளு முயற்சி பண்ணியும் முடியலை. கடைசில சாகிர் பாய் மூச்சு வாங்கிக்கிட்டே, "சரி, சுட்டுப் பாத்து வாசல் தாண்டி அனுப்பிட்டாலும் தொல்லை ஒழிஞ்சதுதானே தங்கச்சி" அப்படீன்னார். எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. அதைக் கேட்டப்புறந்தான் இவரு பிடிய விட்டார்.

அடுத்து வந்த வாரத்துல ஒரே ஒரு தடவை அவரு அவராவே வந்தார்.

வியாழக்கிழமை சாயந்தரம் ரூமுக்கு வந்து, நான் துணி மடிச்சு சூட்கேஸ்ல வச்சுக்கிட்டு இருந்தேன். பின்னாடியிருந்து என்ற தோளப் புடிச்சார். வலது கை. திரும்பினா கண்ணுல தண்ணி ஓடுது.

"ஜோதி, வெசையாச் சொல்லிடறேன், கேளு" அப்படீன்னு குசுகுசுன்னு பேசினார். "நான் பின்னாடி எங்கயோ நிக்கறேன். அவன் முன்னாடி நிக்கறான். நீ பேசறதெல்லாம் கேக்குது. பதிலுக்குக் கத்தறேன், வாயே தொறக்க மாட்டேங்குது. நாளுக்கு நாள் தூரமாப் போறேன் கண்ணு."

"நான் இருக்கறேனுங்க" அப்படீன்னேன்.

"என்னைய இங்க விட்டுட்டுப் போயிராதே."

"போக மாட்டேன். சத்தியமாப் போக மாட்டேன்."

"பாத்துக் கூட்டிட்டுப் போ. நானான்னு பாத்துக் கூட்டிட்டுப் போ."

அதுக்கப்புறம் தோள்ல இருந்த கை நழுவி விழுந்துச்சு. அவரு நேரா நிமிந்து, மடிச்சு வச்ச சட்டைகளப் பாத்து, "நன்றாக மடித்திருக்கிறாய்" அப்படீன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை டெஸ்ட். அக்கம்பக்கத்துப் பட்டறையெல்லாம் காலியா இருக்கற ஜும்மா நேரந்தான் எப்பவும் அதுக்குத் தோது. பட்டறைக்குப் பின்னாடி ஜன்னல் இல்லாத ஒரு சின்ன ரூம் உண்டு. அதுல துப்பாக்கிய வைஸ்ல இறுக்கிக் கட்டி, எதிர்ல மணல் மூட்டைய அடுக்கி, தடுப்புக்குப் பின்னாடி நின்னு கயித்த இழுக்கணும். உள்ள ஒரே ஆள்தான் இருக்கணும். இரும்புக் கதவு, வெளிப்பக்கம் தாழ்ப்பா. பெரியவர் பதினோரு தோட்டாவுல ஒண்ணே ஒண்ணுக்குத்தான் அனுமதி குடுத்திருந்தார். சாகிர் பாய் அதை எண்ணிக் குடுத்துட்டு, ஷட்டரப் பூட்டிட்டுப் போனார். போறப்ப என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனார்.

இவரு உள்ள போனார். கதவு மூடுச்சு.

நான் கதவுக்கு வெளிய நின்னேன். ஏசி நின்னு போச்சு. லைட் எரியுது, ஏசி மட்டும் நின்னு போச்சு. பெட்டியத் தொறந்தப்ப வந்த அதே வாசம் கதவிடுக்குல இருந்து கசிஞ்சு வந்துச்சு, முதல்ல லேசா, அப்புறம் மூச்சு முட்டற மாதிரி.

உள்ள பேச்சுக் குரல் கேட்டுச்சு.

ஒரு ஆள்தான் உள்ள போனார். ரெண்டு குரல் கேட்டுச்சு.

ஒண்ணு நிதானமா ஏதோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு. இன்னொண்ணு கெஞ்சுச்சு. என்ன கெஞ்சுச்சுன்னு புரியலை, ஆனா என்ற பேரு ரெண்டு தடவை வந்துச்சு. நான் தாழ்ப்பா மேல கைய வச்சேன்.

வெடிச்சுச்சு.

காது ரெண்டும் அடைச்சுப் போச்சு. தகரம் அதிர்ந்து தூசி கொட்டுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லை, அவ்வளவு அமைதி. கதவு தானாத் தொறந்துச்சு, அவரு வெளிய வந்தார். அடி இல்லை, காயம் இல்லை. ரொம்ப நாள் படுக்கையில கிடந்தவன் முதல் தடவையா எந்திரிச்சு வாசலுக்கு வந்து நிக்கற மாதிரி, பட்டறைய ஒவ்வொரு மூலையாப் பாத்தார். மூச்ச ஆழமா இழுத்து விட்டார். கைகளத் திருப்பிப் பாத்தார். அப்புறம் என்னைப் பாத்துச் சிரிச்சார்.

கதவு அவருக்குப் பின்னாடி மெதுவா மூடிக்கிட்டே வந்துச்சு.

உள்ளருந்து யாரோ தட்டினாங்க.

மூணு தட்டு. கொஞ்ச நேரம் விட்டு இன்னும் மூணு.

"உள்ள என்னங்க சத்தம்?" அப்படீன்னேன். என்ற குரலே எனக்குக் கேக்கலை.

"இரும்பு சூடு ஆறுகிறது. வேறு ஒன்றும் இல்லை" அப்படீன்னு சொல்லிட்டு, இடது கையால தாழ்ப்பாளப் போட்டார்.

நான் தொறந்திருக்கணும். அந்த ஒரு நிமிசம், அவரத் தள்ளிட்டுத் தாழ்ப்பாளத் தொறந்திருக்கணுங்க. இரும்பு ஆறறப்ப சத்தம் வர்றது எனக்கும் தெரியும், லேத் பட்டறையில வளந்தவதானே நான். அதனால நம்பினேன். இல்லை, பொய் சொல்றேன். நம்பலை. பயந்துட்டேன்.

தொழுகை முடிஞ்சு எல்லாரும் வந்தாங்க. பெரியவரும் வந்து சேந்தார். வாசல்ல நின்னு துப்பாக்கிய வாங்கிப் பாத்து, கண்ணு கலங்கி, இவரு ரெண்டு தோள்லயும் தட்டிக் குடுத்தார். "ஷுக்ரன், ஷுக்ரன்"ன்னு அவரு நன்றி சொல்ல, இவரு அரபியிலயே நாலஞ்சு வார்த்தை பதில் பேசினார். பதினோரு வருசத்துல 'யல்லா', 'கலாஸ்', 'மாஃபி' இந்த மூணத் தாண்டி அரபி பேசாத மனுசன். சாகிர் பாய் என்னைப் பாத்தார், நான் தரையப் பாத்தேன். துப்பாக்கி வண்டியில ஏறிப் போயிருச்சு. மஸ்கட்லருந்து வந்தது மட்டும் போகலை.

பத்து நாள்ல விசா கேன்சல் ஆச்சு. ஏர்போர்ட்ல எனக்கு ஒரு நப்பாசை இருந்துச்சு. மிஷினாச்சும் கண்டுபுடிச்சிரும், இது வேற ஆளுன்னு நிறுத்திருவாங்கன்னு நினைச்சேன். கண்ணக் காட்டச் சொன்னாங்க, காட்டினார். விரல வைக்கச் சொன்னாங்க, வச்சார். பச்சை லைட் எரிஞ்சு கதவு தொறந்துச்சு. கண்ணும் அவருதுதான், ரேகையும் அவருதுதான். நான் கூட நடந்தேன். வேற என்ன பண்ணியிருப்பேன், சொல்லுங்க. போலீஸ்காரன்கிட்டப் போயி இவரு என்ற புருசன் இல்லை, என்ற புருசன் அல் குசைஸ்ல ஒரு ரூமுக்குள்ள நிக்கறார்னா, என்னையத்தான் புடிச்சு உள்ள வைப்பாங்க.

இப்ப ஆறு மாசம் ஆச்சு. கணபதி பட்டறை நல்லாத்தான் ஓடுது. வேலை சுத்தம்னு பேரு வாங்கிட்டார். என்ற மாமியாருக்குப் பெருமை தாங்கலை. "துபாய் போயிட்டு வந்து எம்பையன் எவ்வளவு பொறுமையாயிட்டான் பாரு, முன்னக்கி எதுக்கெடுத்தாலும் வள்ளுன்னு விழுவான்" அப்படீன்னு தெரு பூரா சொல்லிட்டுத் திரியறாங்க. என்கிட்ட ஒரு கொறையும் வைக்கறதில்லை அவரு. ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்லை. ராத்திரி குறட்டை விடறதில்லை. நான் இந்தப் பக்கம் அவரு அந்தப் பக்கம் படுத்திருக்கோம், நடுவுல ஒரு பாய் அளவு இடம் காலியாவே கிடக்குது.

போன வெள்ளிக்கிழமை, மத்தியானம் ரெண்டே முக்கால் இருக்கும். பட்டறைத் திண்டுல உக்காந்து அவருக்குச் சோறு போட்டுட்டு இருந்தேன். ஃபோன் அடிச்சுது. சாகிர் பாய்.

"தங்கச்சி, நல்லாயிருக்கியளா? தம்பி பக்கத்துல இருக்காரா?"

"இருக்காருங்க பாய். சாப்பிட்டுட்டு இருக்கார்."



"பள்ளிக்குப் போகாம இன்னைக்கு நான் மட்டும் பட்டறையில இருந்துட்டேன்மா. வேணும்னுதான் இருந்தேன். மூணு மாசமா பக்கத்துப் பட்டறைக்காரன் சொல்லிக்கிட்டே இருக்கான், ஜும்மா நேரத்துல உங்க பட்டறைக்குள்ள யாரையோ வச்சுப் பூட்டிட்டுப் போயிடுறியள்னு." அவரு நடந்து போற செருப்புச் சத்தம் கேட்டுச்சு. "டெஸ்ட் ரூம்ல தட்டுது. தொறந்து பாத்தேன், யாருமில்லை. மூடினா மறுபடியும் தட்டுது. அந்தக் குரல நான் பதினோரு வருசம் கேட்டிருக்கேன் தங்கச்சி. நீயே கேளு."

ஃபோன இரும்புக் கதவுல வச்சார் போல. கரகரன்னு ஒரு சத்தம். அப்புறம் தட்டற சத்தம். அப்புறம், ரொம்பத் தூரத்துலருந்து, தொண்டை வத்திப் போன ஒரு குரல்.

"ஜோதி. எல்லாரும் தொழுதுட்டு வந்துட்டாங்களா? தொறக்கச் சொல்லு கண்ணு. வெக்கையாக் கிடக்குது."

வாயில முந்தானைய வச்சு அடைச்சுக்கிட்டேன்.

"ஜோதி? அங்க இருக்கறயா?"

எதிர்ல உக்காந்திருந்தவர் பிசையறத நிறுத்திட்டு நிமிந்து பாத்தார். ஃபோனப் பாத்தார், என்ற முகத்தப் பாத்தார். கோவமே இல்லாம, ரொம்ப அமைதியா, சோத்துக்கையத் தட்டுல வச்சபடியே கேட்டார்.

"யார் அது?"

அந்தப் பக்கம் இன்னும் கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சு.

"ராங் நம்பருங்க" அப்படீன்னு சொல்லி, கட் பண்ணிட்டேன்.